பல் பார்த்துச் சொன்ன வயது

ஓடைத் தண்ணீர் வீட்டுக்குள் வந்து போய் இருபது நாளுக்கு மேல் ஆகியும் சிவபிரகாஷ் வீட்டுச் சுவரில் அதன் கோடு போகவில்லை. இடுப்பு உயரத்தில் நாலு சுவரையும் சுற்றி ஒரே மட்டமாக ஓடியது. கோட்டுக்கு மேலே பழைய வெள்ளை, கீழே பேர் சொல்லத் தெரியாத ஒரு நிறம். அவன் மனைவி சித்ராதேவி சோப்புத் தூள் போட்டு இரண்டு தடவை தேய்த்துப் பார்த்தாள். "இருந்துட்டுப் போகுது போங்க, பார்டர் வெச்ச சேலையாட்ட" என்று விட்டுவிட்டாள். அவளுக்கு எந்த நேரத்திலும் கிண்டல் வரும். சிவபிரகாஷுக்கு வராது. பாயில் படுத்தால் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு கிடப்பான்.

மேற்கே நாலு நாள் விடாமல் கொட்டிய ஐப்பசி மழை ஐந்தாம் நாள் விடிகாலையில் ஓடை வழியாகத் திருப்பூருக்கு வந்து சேர்ந்தது. ஓடையோரம் எட்டுக் குடித்தனங்களுக்கு ஒரே கூரையாகப் போட்ட லைன் வீடு அது. ஆள் சேதம் இல்லை, அதுவே பெரிய காரியம். ஆனால் பன்னிரண்டு வருஷம் பனியன் கம்பெனியில் தைத்துவிட்டு, இனி யாருக்கும் கைகட்டி நிற்க வேண்டாம் என்று சிவபிரகாஷ் வீட்டிலேயே வாங்கிப் போட்டிருந்த ஓவர்லாக் மெஷினும் பேட்லாக் மெஷினும் ஒரு பகல் முழுக்கத் தண்ணீருக்குள் நின்றன. மெக்கானிக் ராமர், மதுரைப் பக்கத்து ஆள், வந்து கழற்றிப் பார்த்தான். "அண்ணே, இது மோட்டார் இல்ல, சேத்து உருண்டை" என்று சொல்லி, டீ கூடக் குடிக்காமல் போய்விட்டான்.

லைன் வீட்டுச் சனங்களை எட்டு நாள் பள்ளிக்கூடத்தில் தங்க வைத்தார்கள். அது அவன் மகள் ஜனனி படிக்கிற பள்ளிக்கூடம்தான். இவர்களுக்கு ஒதுக்கிய அறையும் அவள் படிக்கிற பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவுதான். தன் பெஞ்சுக்குக் கீழேயே பாய் விரித்துப் படுத்தாள். கரும்பலகை ஆணிக்கும் சன்னல் கம்பிக்கும் கயிறு கட்டி அம்மா சேலை காயப்போட்டாள். பலகையில் பாதியில் நின்ற கணக்கை யாரையும் அழிக்க விடாமல் அந்தப் பெண் காவல் காத்ததைப் பார்த்துச் சிவபிரகாஷுக்குச் சிரிப்பாகக்கூட இருந்தது. எட்டு நாள் கழித்து மற்ற பிள்ளைகள் அந்த அறைக்குப் படிக்க வந்தார்கள். ஜனனி போகவில்லை.

போகாததற்குக் காரணம் சிவபிரகாஷ்தான். அதை அவனே சொல்வான், மறைக்க மாட்டான். தான் மட்டும் கம்பெனிக்குத் திரும்பினால் கூடு கட்டி எழ முடியாது, கூட ஒரு கை வேண்டும் என்று பட்டது. சித்ராதேவிக்குத் தண்ணீரில் நின்றதில் கால் புண்ணாகிச் செருப்புப் போட முடியவில்லை. வீட்டில் உட்கார்ந்து பிசிறு வெட்டத்தான் முடியும்.

"ஒரே மாசம். மெஷினு ஓட ஆரம்பிச்சா மறுநாளே பள்ளிக்கூடம்" என்றான்.

"மெஷினு ஓடறதுக்கும் புள்ள படிக்கறதுக்கும் என்னுங்க சம்பந்தம்?"

"நீ பேசுவ. இட்டிலிக்கு அரிசி எங்கிருந்து வரும்?"

"அப்ப இட்டிலி வேண்டாமுங்க. அரிசியும் பருப்பும் ஆக்கித் தின்னுக்கலாம்" என்றாள் சித்ராதேவி. அதற்கு மேல் அவளும் பேசவில்லை. பேசியிருக்க வேண்டும் என்று பின்னாளில் அவளும் சொல்லிக்கொண்டாள்.

பதினைந்து வயதுப் பெண்ணை எந்தக் கம்பெனியிலும் நேராக எடுக்க மாட்டார்கள். வெளிநாட்டுப் பார்ட்டிகள் ஆடிட் என்று ஆள் அனுப்புவார்கள், ஒவ்வொருவர் பேரிலும் ஃபைல் இருக்க வேண்டும், ஃபைலுக்குள் வயசுக்குக் காகிதம் இருக்க வேண்டும். ஆதாரில் உண்மையான வயது இருக்கிறது. ஆதாரே இல்லை என்று ஆகிவிட்டால்? அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். பல் டாக்டர் பல்லைப் பார்த்து வயது இன்னது என்று எழுதிக் கொடுப்பார். பனியனுக்கு சைஸ் ஸ்டிக்கர் ஒட்டுகிற மாதிரி மனுஷருக்கும் ஒட்டிவிடுவார்கள். கம்பெனிக்குக் காகிதம் போதும்.

கிளினிக் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது சிவபிரகாஷ் மகள் பக்கம் குனிந்து சொன்னான்.

"கேட்டா ரெண்டாயிரத்து ஏழுன்னு சொல்லு கண்ணு."

"ரெண்டாயிரத்துப் பத்துங்கப்பா."

"எனக்குத் தெரியாதா? கேட்டா ஏழுன்னு சொல்லு. ஆகஸ்ட் பதினாலு அப்படியே இருக்கட்டும், வருசத்த மட்டும் மாத்து."

உள்ளே டாக்டர் ஆ காட்டு என்றார். ஜனனி வாயைத் திறந்தாள். டார்ச் அடித்துப் பார்த்த நேரத்தைவிட டார்ச்சைத் தேடிய நேரம் அதிகம்.

"கடவாப் பல்லு மொளச்சிருச்சா?" என்று அவர் கேட்டது சிவபிரகாஷை.

"மொளச்சுட்டு இருக்குதுங்க சார்."

"ஆதாரு?"

"வெள்ளத்துல போயிருச்சுங்க."

"இந்த மாசத்துல நீங்க பதினோராவது ஆளுங்க. ஓடை ஆதாரு மட்டுமே தேடித் தேடி இழுத்துட்டுப் போயிருக்குதாட்ட இருக்குது" என்று சொல்லிக்கொண்டே அவர் எழுதிவிட்டார். சிவபிரகாஷ் தலையைக் குனிந்துகொண்டான். ஆதார் எங்கும் போகவில்லை. பாலிதீன் கவருக்குள் மடித்து மேலே அட்டாலிப் பரணில் பத்திரமாக இருந்தது, வீட்டில் நனையாமல் தப்பியதே அது ஒன்றுதான்.

கம்பெனியில் ஃப்ளோர் இன்சார்ஜ் அருள்செல்வன் காகிதத்தைப் பார்த்தார், ஜனனியைப் பார்த்தார், மறுபடி காகிதத்தைப் பார்த்தார். "உங்க புள்ள, உங்க பொறுப்புங்க. ஆடிட்டு வந்து கேட்டா பாப்பா தெளிவாச் சொல்லோணும். முழிக்கப்படாது" என்றார். அன்றைக்கே வேலையில் சேர்த்துக்கொண்டார்.

சிவபிரகாஷ் தைக்க, ஜனனி அவனுக்குக் கைமடி. வெட்டி வந்த துணியை ஓரம் சேர்த்து மடித்து, தைக்கிறவன் கை நீளுகிற இடத்தில் நீளுகிற நேரத்துக்கு வைக்க வேண்டும். டெய்லர் திரும்பிப் பார்க்கக்கூடாது. மூன்றே நாளில் அவளுக்குக் கை படிந்துவிட்டது. நாலாம் நாள் அவன் வேகத்துக்கு அவள் காத்திருக்க வேண்டியதாயிற்று. பக்கத்து டேபிள் பீகார்க்காரன் கூட, "அச்சா லட்கி, ஃபாஸ்ட்" என்று இந்தியில் மெச்சிக் கட்டை விரலைக் காட்டினான். சிவபிரகாஷுக்குப் பெருமையாக இருந்தது. பெருமைப்பட்டதை நினைத்து அப்புறம் ஒரு பீஸைக் கோணலாகத் தைத்தான். காலை எட்டரைக்கு ஏறினால் ஒன்றரை ஷிப்ட் முடித்து இறங்கும்போது இரவு எட்டரை. நின்றே வேலை பார்க்கிற பெண்ணின் கால், வீட்டுக்கு நடக்கும்போது வழியெல்லாம் இழுத்தது. அவள் எதுவும் சொல்லாமல் இருப்பதுதான் அவனை அரித்தது.

ஒரு மாதம் ஆயிற்று. மோட்டார் ஓடவில்லை.

கார்த்திகை பிறந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாரக்காள் வந்தாள். சிவபிரகாஷுக்குக் கூடப்பிறந்த அக்காள், கணியூரில் வாழ்க்கைப்பட்டவள். பஸ்ஸை விட்டு இறங்கும்போதே ஒரு கையில் அரிசிப்பை, ஒரு கையில் கத்தரிக்காய்ப் பை, இடுப்பில் நிலக்கடலை மூட்டை. வெள்ளம் வந்த மூன்றாம் நாளே வந்து, எட்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரு அண்டா சோறு ஆக்கிப் போட்டுவிட்டுப் போனவள் அவள். அவளைக் கெட்டவள் என்று சொல்ல யாருக்கும் நாக்கு வராது.

சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் பின்னால் போனவள் திரும்பி வரும்போது முகம் மாறியிருந்தது.

"ஏன்டா தம்பி, பாத்ரூமுக் கதவு ரெண்டும் எங்கடா?"

"தண்ணில போயிருச்சுக்கா. ஊட்டுக்காரரு மாட்டித் தாரேன்னாரு."

"எப்ப? அடுத்த வெள்ளத்துக்கா?" மாரக்காள் சித்ராதேவி பக்கம் திரும்பினாள். "புள்ள எங்க தண்ணி வாக்குது?"

"விடியறதுக்கு முன்னால நங்கையா. நான் சேலையப் புடிச்சுட்டு நிக்கறனுங்க" என்று நாத்தனாரிடம் சொன்னாள் சித்ராதேவி.

"எத்தன நாளைக்கு நிப்ப? கால்ல புண்ண வெச்சுட்டு?"

ஜனனி அட்டாலியிலிருந்து முறத்தை எடுக்கிற சாக்கில் அந்தப் பக்கமாக நகர்ந்துவிட்டாள்.

"நான் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கப்படாது" என்று மாரக்காள் ஆரம்பித்தாள். "மடத்துக்குளத்துல செங்கோட்டையன்னு ஒருத்தரு. தேங்கா மண்டி. ஒரே பையன், ரித்தீஷுன்னு பேரு, ஒரு கெட்ட பழக்கங் கெடையாது. நம்ம சனந்தான். தங்கமாட்டக் குடும்பம். நான் சாடையாச் சொல்லி வெச்சிருக்கறேன்."

"அக்கா, அவளுக்குப் பதினஞ்சுதான் ஆகுது."

"அது எனக்குத் தெரியாதா? பொறந்தப்ப மொத மொத கையில வாங்குனவ நானு. ஆனா டாக்டரே பதினெட்டுன்னு எழுதிக் குடுத்திருக்காராமா. கோயில்ல வயசுக்குக் காகிதம் கேப்பாங்களேன்னு தானே நான் ரோசன பண்ணிட்டு இருந்தேன். இப்ப அதும் இருக்குதே!"

"அது கம்பெனிக்கு வாங்குனதுக்கா."

"காகிதத்துக்குக் கம்பெனி எது, கோயிலு எதுன்னு தெரியுமா?"

அவள் கேட்டதில் தப்பு இருப்பதாகச் சிவபிரகாஷுக்குச் சட்டென்று தோன்றவில்லை. தோன்றாதது அவனுக்கே பயமாக இருந்தது. அவள் காகிதத்தை வாங்கிச் செல்போனில் படம் பிடித்துக்கொண்டாள். கல்யாணத்துக்குப் பிறகும் படிக்க வைப்பார்கள் என்றாள், அந்த வீட்டில் மூன்று பாத்ரூம் என்றாள், மூன்றுக்கும் கதவு இருக்கிறது என்றாள். மார்கழி பிறந்துவிட்டால் பேச முடியாது, வருகிற வெள்ளிக்கிழமை மத்தியானம் அவர்கள் வந்து பார்த்துவிட்டுப் போகட்டும், தை மாசத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று முடித்தாள்.

"பாக்கறதுல என்ன வந்துருது?" என்றான் சிவபிரகாஷ், சித்ராதேவியின் முகத்தைப் பார்க்காமல்.

இரண்டு தகரக் கதவு மாட்ட ஒரு அரைநாள் போதும். நாலு பேர் பிடித்தால் அதுகூட வேண்டாம். அந்த லைனில் எட்டு ஆம்பிளைகள் இருந்தார்கள், ஆளாளுக்கு வீட்டுக்காரரைத் திட்டிக்கொண்டு இருந்தார்கள். கதவு போடுவதைவிடக் கல்யாணம் பண்ணுவது எல்லோருக்கும் சுலபமாகத் தெரிந்தது. சிவபிரகாஷையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

செவ்வாய்க்கிழமை டீ நேரத்தில் செக்யூரிட்டி வந்து, வாசலில் ஒரு அம்மா தேடுவதாகச் சொன்னார். ஸ்கூட்டியைப் பிடித்தபடி நின்றது சண்முகப்பிரியா டீச்சர், ஜனனியின் வகுப்பாசிரியை. ஹெல்மெட்டைக் கூடக் கழற்றவில்லை.

"ஏனுங்க, ஜனனி அப்பாதானுங்களே? போன் பண்ணுனா எடுக்கறதில்லீங்க."

"போனு தண்ணில நனஞ்சு போச்சுங்க டீச்சர்" என்றான். அவன் சட்டைப்பையில் அந்த நேரம் பார்த்து போன் வெளிச்சம் அடித்தது. டீச்சர் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துகொண்டார்.

"புள்ள எங்கீங்க?"

"கணியூருக்குப் போயிருக்குதுங்க. எங்க அக்கா ஊட்டுக்கு."

"சரிங்க. பரிச்சை எழுதற புள்ளைங்க பேரு முச்சூடும் வெள்ளிக்கிழமை சாயங்காலத்தோட அனுப்பியாகோணுமுங்க. பேரு, பொறந்த தேதி எல்லாம் சரியா இருக்குதுன்னு புள்ளையும் கையெழுத்துப் போடோணும், நீங்களும் போடோணும். அவ பேர நான் இன்னும் எடுக்காம வெச்சிருக்கறேன். வெள்ளிக்கிழமைக்கு மேல என்றனால முடியாதுங்க."

"நெலம அப்புடிங்க டீச்சர். அடுத்த வருசம்..."

"வெள்ளத்துக்கு அப்பறம் என்ற கிளாசுல பத்துப் பேரு வரலீங்க. அதுல பசங்க நாலு பேரும் திரும்பி வந்துட்டானுங்க. வராதது ஆறும் பொண்ணுங்க. ஏனுங்க, தண்ணி ஆளப் பாத்துப் பாத்தா உள்ள வந்துச்சு?"

அப்போது ஜனனி கம்பெனிக்குள்ளிருந்து வந்தாள். இரண்டு கையிலும் டீ கிளாஸ், ஒன்று அப்பாவுக்கு, ஒன்று அவளுக்கு. தலையிலும் புருவத்திலும் பஞ்சுத்தூசி. டீச்சரைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். கும்பிடலாம் என்றால் கை இல்லை, ஓடலாம் என்றால் டீ சிந்தும்.

"வணக்கம் மிஸ்" என்றாள் மெல்ல.

"வணக்கம் கண்ணு. சாப்பிட்டியா?"

"சாப்பிட்டனுங்க மிஸ்."

டீச்சர் அவளிடம் வேறொன்றும் கேட்கவில்லை. சிவபிரகாஷ் பக்கம் திரும்பித் தாழ்ந்த குரலில் சொன்னார். "என்றகிட்ட யாராச்சும் வந்து கேட்டா நான் பொய் சொல்ல மாட்டனுங்க. அதனாலதான் யாரும் கேக்கறதுக்கு முன்னால நானே வந்தேன். வெள்ளிக்கிழமை நாலரை வரைக்கும் இருப்பனுங்க."

ஸ்கூட்டி போய்விட்டது. டீ ஆறிப்போனது. சிவபிரகாஷ் திரும்ப மெஷினில் உட்கார்ந்தான். வெள்ளிக்கிழமை மத்தியானம் மடத்துக்குளத்துக்காரர்கள் வருகிறார்கள். வெள்ளிக்கிழமை நாலரைக்குள் பள்ளிக்கூடம் போக வேண்டும். இதை வீட்டில் சொல்லவில்லை, அதை டீச்சரிடம் சொல்லவில்லை. இரண்டில் ஒன்று தானாக நின்றுபோகும் என்று ஒரு நப்பாசை. பையனுக்குக் காய்ச்சல் வரலாம், பஸ் ஸ்டிரைக் வரலாம், மறுபடி மழைகூட வரலாம் என்றெல்லாம் நினைத்தான். நினைத்துவிட்டு, சீ, மழையைக் கூப்பிடுகிற நிலைமைக்கு வந்துவிட்டோமே என்று உதட்டைக் கடித்துக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை வானம் வெளுத்துக் கிடந்தது. ஒருவருக்கும் காய்ச்சல் இல்லை, எல்லா பஸ்ஸும் ஓடின.

அருள்செல்வனிடம் அரைநாள் கேட்டுவிட்டு அப்பனும் மகளும் வீட்டுக்கு வந்தார்கள். "லாட்டு இன்னைக்குப் போயாகோணும். மூணு மணிக்கு ரெண்டு பேரும் டேபிள்ல இருக்கோணும்" என்றுதான் அவர் விட்டார். மாரக்காள் காலையிலேயே வந்து எல்லாம் தயார் பண்ணியிருந்தாள். சுவரில் இருந்த கோடு தெரியாமல் இருக்க அவள் கொண்டுவந்த ஜமுக்காளத்தைக் கயிற்றில் போட்டு மறைத்திருந்தாள். தன் பட்டுச்சேலையை ஜனனிக்கு உடுத்தி, தலையில் பூ வைத்துவிட்டாள். சேலை அவள் தோளில் நிற்காமல் வழுக்கி வழுக்கி இறங்கியது. சித்ராதேவி ஊக்குக் குத்தினாள்.

செங்கோட்டையனும் அவர் சம்சாரமும் இரண்டு மணிக்குக் காரில் வந்தார்கள். ஒல்லியான மனுஷன், வெள்ளைச் சட்டை, பேச்சில் அவசரம் இல்லை. அவர்கள் கொண்டுவந்த தட்டில் பூவும் பழமும் இருந்தன. ஊர், மழை, தேங்காய் விலை, அமராவதி ஆற்றில் தண்ணீர் எவ்வளவு போகிறது என்று கொஞ்ச நேரம் பேச்சு ஓடியது. ஜனனி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு ஓரமாக நின்றாள்.

"மாரக்காள் போன்ல காகிதம் அனுப்பிச்சிருந்துச்சுங்க" என்றார் செங்கோட்டையன். "பையங்கிட்டக் காட்டுனேன். என்னுங்கப்பா, பல் டாக்டரு எழுதியிருக்கறாருன்னு கேட்டான். நானும் ரோசன பண்ணுனேன்."

"வெள்ளத்துல மத்ததெல்லாம் போயிருச்சுங்கண்ணா" என்றாள் மாரக்காள்.

"இருக்கட்டும் தங்கச்சி. காகிதம் ஒரு பக்கம் கெடக்கட்டும். நான் புள்ள வாயால கேட்டுக்கறேன்." அவர் ஜனனியைப் பார்த்துச் சாதாரணமாகத்தான் கேட்டார். "ஏன் கண்ணு, உனக்கு எத்தன வயசாச்சு?"

ஜனனி அப்பாவைப் பார்த்தாள்.

"எந்த வயசைச் சொல்லட்டுங்கப்பா?"

அதில் துடுக்கு இல்லை, குத்தல் இல்லை, அழுகை இல்லை. டேபிளில் நின்று, இந்தப் பீஸை எந்தப் பக்கம் மடிக்கட்டும் என்று கேட்பாளே, அதே குரல். அவள் உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டாள்.

பெற்ற பிள்ளையின் வயதை அவளிடமிருந்தே பிடுங்கிக்கொண்டோம் என்று அப்போதுதான் சிவபிரகாஷுக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது. சாதாரண வெட்கம் இல்லை, இருக்கிற இடத்தை விட்டு எழுந்து ஓடிவிடலாம் போன்ற வெட்கம்.

"பதினஞ்சுங்க" என்றான். "என்ற புள்ளைக்குப் பதினஞ்சு வயசுங்க. ஆகஸ்ட் மாசந்தான் முடிஞ்சுது. அந்தக் காகிதம் கம்பெனிக்காக நான் பொய் சொல்லி வாங்குனதுங்க. வெள்ளத்துல ஒரு காகிதமும் போகலீங்க."

செங்கோட்டையன் காபி டம்ளரை எடுத்தவர் குடிக்காமல் கீழே வைத்தார்.

"அப்படீங்களா? கம்பெனிக்குன்னா பதினெட்டு, ஊட்டுக்குன்னா பதினஞ்சு" என்றார். கோபப்படவில்லை, அதுதான் இன்னும் சுட்டது. "நல்லவேளை கேட்டேன். நாளைக்குப் போலீசு வந்து நின்னா என்ற பையனல்ல கொண்டு போவாங்க? நீங்க தப்பா நெனச்சுக்காதீங்க. புள்ளயப் படிக்க வைங்க." அவர் சம்சாரம் எழுந்தார். போகும்போது அந்த அம்மாள் தட்டிலிருந்த பூவை மட்டும் ஜனனி கையில் வைத்துவிட்டு, பழத்தட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டார்.

கார் கிளம்பியதும் மாரக்காள் வெடித்தாள்.

"என்ற மானத்த வாங்கிட்டயேடா! நான் எனக்காவா வந்தேன்? கதவில்லாத எடத்துல வளந்த புள்ள குளிக்குதேன்னு எனக்கு ஊருல போயிப் படுத்தாத் தூக்கம் வருதா? நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா உன்ற மூஞ்சிய எங்க கொண்டு போய் வெப்ப?"

"நீ சொல்றது நெசந்தாங்கா. அதுக்குக் கதவுதான் போடோணும்" என்றான் சிவபிரகாஷ். குரல் அவனுக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. பிறகு சித்ராதேவியிடம் சொன்னான், "இன்னைக்கு நாலரைக்குள்ள பள்ளிக்கூடத்துல கையெழுத்துப் போடலீன்னா அவ பேர எடுத்துருவாங்க. செவ்வாக்கிழமையே டீச்சர் வந்து சொல்லுச்சு. நான் உங்கிட்டச் சொல்லல."

சித்ராதேவி அவனைப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர முடியாது. கிண்டல் அவளை விட்டு முழுசாகப் போய்விட்டிருந்தது. "மூணே காலாச்சு" என்றாள். "அங்கயே நின்னுட்டு என்னுங்க பண்றீங்க? போங்க!"

சேலை மாற்ற நேரமில்லை. பட்டுச்சேலையோடும் பூவோடும் ஜனனி டவுன் பஸ் ஏறினாள். மூன்றரை மணிக் கூட்டம், கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு போனார்கள். கல்யாணத்துக்கா என்று கண்டக்டர் கேட்டார். இல்லீங்க, பள்ளிக்கூடத்துக்கு என்றாள் ஜனனி. அவர் சிரித்தார். இரண்டாவது சிக்னலில் பஸ் நின்றது, நின்றது, நின்றுகொண்டே இருந்தது. முன்னால் துணி ரோல் ஏற்றிய டெம்போ ஒன்று திரும்ப முடியாமல் குறுக்கே மாட்டிக்கொண்டிருந்தது. சிவபிரகாஷ் சன்னல் வழியாக எட்டி எட்டிப் பார்த்தான். நாலு மணி ஆகப் பத்து நிமிஷம்.

போன் அடித்தது. அருள்செல்வன்.

"எங்கீங்க? மூணு மணின்னு சொன்னனல்லங்க? டேபிள் காலியாக் கெடக்குது."

"சார், புள்ள இனி வராதுங்க."

"ஏனுங்க, ஒடம்பு சரியில்லீங்களா?"

"ஒடம்பு நல்லாத்தானுங்க இருக்குது. அதுக்குப் பதினஞ்சு வயசுங்க சார். பத்தாவது படிக்குதுங்க. நான் குடுத்த காகிதம் பொய்யிங்க."

அந்தப் பக்கம் மெஷின் சத்தம் மட்டும் கேட்டது. பஸ்ஸில் நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"இதப் போன்ல சத்தம் போட்டுச் சொல்லோணுமாங்க?" என்றார் அருள்செல்வன் கடைசியில். "நானும் பாத்த அன்னைக்கே நெனச்சேன். சரி. ஃபைல எடுத்துடறேன். நீங்களும் நாளையிலிருந்து வர வேண்டாமுங்க. உங்கள வெச்சிருந்தா நாளைக்கு எனக்குத்தான் வெனை." போன் வைத்துவிட்டார்.

சிவபிரகாஷ் போனைப் பைக்குள் போட்டான். மெஷினும் இல்லை, வேலையும் இல்லை. வேறு கம்பெனி கிடைக்கும், இந்த ஊரில் தைக்கத் தெரிந்தவன் தெருவில் நிற்க வேண்டியதில்லை என்று மனசு ஒரு பக்கம் சொன்னது. சொன்னதை இன்னொரு பக்கம் நம்பவில்லை. டெம்போ திரும்பியது. பஸ் நகர்ந்தது. ஜனனி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றாள்.

"உங்களையும் வர வேண்டாம்னுட்டாங்களாங்கப்பா?"

"ஆமா கண்ணு."

அவள் இறங்க வேண்டிய ஸ்டாப்புக்கு முந்தின ஸ்டாப்பிலேயே இறங்கினாள். "இந்தச் சந்துல போனாச் சீக்கிரம் போயிரலாம், வாங்க" என்று சொல்லிவிட்டு, சேலையை முழங்காலுக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள். அவன் பின்னால் ஓடினான். மாரக்காளின் பட்டுச்சேலை ஓரமெல்லாம் புழுதி.

நாலரை ஆகி ஏழு நிமிஷம் ஆகியிருந்தது. பெரிய கேட் சாத்தியிருந்தது, சின்னக் கதவு திறந்திருந்தது. பிள்ளைகள் போய்விட்டார்கள். ஆபீஸ் ரூமில் சண்முகப்பிரியா டீச்சர் மட்டும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் ஹெல்மெட். வாசலில் நின்ற பட்டுச்சேலையையும் தலைப்பூவையும் பார்த்ததும் அவர் முகம் வெளிறியது. சட்டென்று எழுந்து வந்து ஜனனியின் கழுத்தைப் பார்த்தார். பிறகுதான் மூச்சு விட்டார்.

"இல்லீங்க டீச்சர்" என்றான் சிவபிரகாஷ். "ஒண்ணும் ஆகலீங்க. பேரு இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க. இப்பத்தான் அனுப்பலாம்னு இருந்தேன்." அவர் ஜனனியை நாற்காலியில் உட்கார வைத்தார், தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார். அவள் மடக் மடக்கென்று குடித்து முடிக்கும் வரை காத்திருந்தார். அப்புறம் ஒரு தாளை அவள் பக்கம் நகர்த்தினார். "ஒவ்வொண்ணாச் சரி பாத்துட்டுக் கையெழுத்துப் போடு. பேரு?"

"சி. ஜனனி மிஸ்."

"பொறந்த தேதி?"

சிவபிரகாஷ் அவளுக்குப் பின்னால் சுவரோரம் நின்றிருந்தான். எங்கே தன்னைத் திரும்பிப் பார்ப்பாளோ என்று அவனுக்குப் பயமாக இருந்தது. பார்த்தால் தலையாட்ட வேண்டும் என்று தயாராக இருந்தான்.

"பதினாலு, எட்டு, ரெண்டாயிரத்துப் பத்து" என்றாள் ஜனனி.

அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை.